கிளினிக்கில் அட்டை வளர்ப்பு: தண்ணீரை விட்டு மேலே ஏறுகின்றன, சில செத்தும் போயின. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

#1 மருந்தறை (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு சித்த மருத்துவ கிளினிக்கில் மருந்தறை பார்க்கிறேன். எங்கள் வைத்தியர் அட்டை விடலை, அதாவது தோலில் அட்டையைக் கடிக்க விட்டு இரத்தம் குடிக்க வைக்கும் சிகிச்சையை, முறையாகப் படித்தவர். சித்தத்தில் சொல்லும் 32 புற மருத்துவ முறைகளில் அதுவும் ஒன்று. அதற்கென்று ஒரு சின்ன அறையையே ஒதுக்கிவிட்டார். அந்த அறையில் இருக்கும் அட்டைகளுக்கு நான்தான் பொறுப்பு.

யாருக்கு விடலாம், எங்கே விடலாம் என்பதெல்லாம் அவர் சொல்லித் தருகிறார். ஆனால் அட்டையைத் தெம்பாக வைத்திருப்பது எப்படி என்று சொல்ல இங்கே ஆள் இல்லை. இணையத்தில் கிடைக்கும் குறிப்பெல்லாம் ஐரோப்பிய அட்டைக்கு எழுதியது. எங்களிடம் இருப்பது பண்ணையில் வாங்கிய எருமை அட்டை.

கண்ணாடி ஜாடியில் பாதிக்கு மேல் தண்ணீர், வாயில் வலைத்துணி, அதன்மேல் ரப்பர் பேண்ட். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுகிறேன். பைப்புத் தண்ணீரை முதல் நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைத்துவிடுவேன். தண்ணீர் வெட்டு வந்தால் மட்டும் பின்கட்டில் இருக்கும் நீல டிரம்மிலிருந்து எடுப்போம்.

கொஞ்ச நாளாக எல்லாம் தண்ணீரை விட்டு மேலே ஏறி வலைத்துணியில் ஒட்டிக்கொண்டே கிடக்கின்றன. உள்ளே தள்ளினால் திரும்பவும் ஏறுகின்றன. சிலவற்றின் உடம்பு அங்கங்கே இறுகி, இடையிடையே வீங்கியிருக்கிறது. தொட்டால் சுருளாமல் தளர்ந்து தொங்குகின்றன. சில செத்துவிட்டன. தண்ணீரில் வெள்ளையாகச் சவ்வு மிதக்கிறது. என்ன நோய் இது?

#2 பழைய டிரஸர் (கோலகங்சார்)

அம்மா, நோய் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தபோது அட்டை கடித்து வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், அட்டையை வளர்த்ததில்லை. ஆனாலும் ஒரு சந்தேகம். உங்கள் வட்டாரத்தில் டெங்கிக்காகக் கொசுப் புகை அடித்தார்களா? அறையில் கொசுவத்தி ஏற்றுகிறீர்களா? அந்த நீல டிரம்மில் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள்.

#3 பண்ணை_கெடா

டிரஸர் ஐயா கேட்டதுதான் சரியான கேள்வி. நானும் அதற்கே காத்திருக்கிறேன். அதற்குள் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, அந்த வெள்ளைச் சவ்வைக் கண்டு பயப்பட வேண்டாம். அட்டை சில நாளுக்கு ஒருமுறை மேல்தோலை உரித்துப் போடும். மெல்லிய வழவழப்பான வளையமாக மிதக்கும். அது நல்ல அறிகுறிதான், ஆனால் அப்படியே விட்டால் அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிடும். பார்த்த உடனே எடுத்துவிடுங்கள். ஜாடிக்குள் கழுவிய கூழாங்கல் நாலு போட்டு வைத்தால் அதில் உரசித் தோலைக் கழற்றிக்கொள்ள வசதியாக இருக்கும்.

தண்ணீரை விட்டு மொத்தமாக மேலே ஏறுவதுதான் கவலைப்பட வேண்டியது. ஒன்றிரண்டு ஏறுவது சகஜம், மழை வருவதற்கு முன்னும் ஏறும் என்பார்கள். எல்லாமே சேர்ந்து ஏறினால் தண்ணீரில் இருக்கப் பிடிக்கவில்லை என்று பொருள். குளோரின், செம்பு, சோப்பு, பூச்சி மருந்து, அழுகிய அட்டை, இவற்றில் ஏதோ ஒன்று. செத்ததை எத்தனை சீக்கிரம் எடுக்கிறீர்களோ அத்தனை நல்லது. ஒன்று செத்து ஓர் இரவு கிடந்தால் காலையில் பக்கத்தில் இருப்பதும் தளர்ந்திருக்கும்.

ஒரு ஜாடியில் எத்தனை போடுகிறீர்கள்? நான் ஒரு லிட்டர் தண்ணீருக்கு நாலைந்துக்கு மேல் போட மாட்டேன்.

#4 மருந்தறை

டிரஸர் ஐயா, உங்கள் கேள்வியைப் படித்ததும் பின்கட்டுக்குப் போய் டிரம்மைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் சின்னத் துணி முடிச்சு ஒன்று கிடந்தது. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டதற்கு, சுகாதார இலாகா ஆட்கள் வரிசைக் கடைகள் முழுக்கத் தண்ணீர் பிடித்து வைத்த இடங்களில் கொசுப்புழு மருந்து போட்டுவிட்டுப் போனார்கள் என்றார். மணல் மாதிரி குருணையாக இருக்கிறது. ஆபேட் என்று எல்லோரும் சொல்வது இதுதானே? தண்ணீர் வெட்டு வந்த வாரத்தில் எல்லா ஜாடிக்கும் இந்த டிரம் தண்ணீர்தான் போனது.

கொசுவத்தி ஏற்றுவதில்லை. புகை அடித்து ரொம்ப நாளாகிறது.

#5 பண்ணை_கெடா

அதேதான் அக்கா. ஆபேட்டில் இருப்பது டெமிஃபாஸ். நரம்பைத் தாக்கும் பூச்சிக்கொல்லி. கொசுப்புழுவுக்குப் போடும் அளவு மனிதருக்கு ஆபத்தில்லை என்பதால்தான் வீட்டுத் தொட்டியில் போடுகிறார்கள். அட்டை அந்தத் தண்ணீரிலேயே இரவும் பகலும் கிடக்கும் உயிர், அதுவும் தோலாலேயே மூச்சு விடுவது. தண்ணீரில் இருப்பதெல்லாம் அதன் உடம்புக்குள் போகும்.

இப்போதே செய்ய வேண்டியது: ஜாடி, கூழாங்கல், வலைத்துணி எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி ஆற விடுங்கள். சோப்பு வேண்டவே வேண்டாம். ஆற வைத்த சுத்தத் தண்ணீரில் உயிரோடிருப்பவற்றைத் தனித்தனியாகப் போடுங்கள். முதல் இரண்டு நாள் தினமும் தண்ணீர் மாற்றுங்கள். அறையின் சூட்டிலேயே இருந்த தண்ணீராக இருக்கட்டும். சூடு சட்டென்று மாறினாலும் தளர்ந்துவிடும். அப்புறம் இருட்டாக, சத்தமில்லாத மூலையில் வைத்துவிடுங்கள். தெம்பு வந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்காதீர்கள்.

டிரம்மை அட்டைக்கு எப்போதும் தொடாதீர்கள். கழுவினாலும் வேண்டாம்.

#6 மீன்தொட்டி (தைப்பிங்)

நான் அலங்கார மீன் கடை வைத்திருக்கிறேன். குளோரின் விஷயத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். பைப்புத் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது சரி. அகலமான பாத்திரம் நல்லது, குறுகிய வாய் வைத்த கேனில் வைத்தால் சீக்கிரம் போகாது. ஆனால் சில இடங்களில் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் போட்டுத் தண்ணீர் அனுப்புவார்கள். அது திறந்து வைத்தால் போகாது. அதற்கு சோடியம் தயோசல்ஃபேட் கலந்த சொட்டு மருந்து எந்த மீன் கடையிலும் கிடைக்கும். குளோரின் பார்க்கும் பட்டைக் காகிதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஊற்றுவதற்கு முன் ஒருமுறை நனைத்துப் பார்த்தால் போதும். குழாய் உடைப்பைச் சரி செய்து தண்ணீர் திரும்ப வரும் நாட்களில் குளோரின் வாடை தூக்கலாக இருக்கும். அன்றைக்கு மாற்றாமல் ஒருநாள் தள்ளிப் போடலாம்.

மீனுக்குப் போடும் மருந்துகளில் சிலவற்றில் செம்பு இருக்கும். நத்தை, அட்டை போன்ற உயிர்களுக்கு அது எமன். கிளினிக்கில் யாராவது மீன் வளர்த்தால் அந்த வலையையோ வாளியையோ கடன் வாங்காதீர்கள்.

#7 செம்பனை லோரி

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். பாகான் செராய் பக்கம் நெல்வயல் பாரிட்டில் (வாய்க்காலில்) இறங்கினால் எருமை அட்டை கை நிறையக் கிடைக்கும். பணம் கொடுத்துப் பண்ணையில் வாங்குவது எதற்கு? எங்கள் அப்பா பால்மரக் காட்டில் வேலை செய்த காலத்தில் தினமும் காலில் அட்டையோடுதான் வீட்டுக்கு வருவார்.

#8 பண்ணை_கெடா

அண்ணே, தப்பில்லை, நிறையப் பேர் கேட்பதுதான். உங்கள் அப்பா காலில் ஏறியது தரையில் வாழும் காட்டு அட்டை. இலை நுனியில் நின்று ஆள் வரும் சூட்டுக்கு ஆடும். மலாய்க்காரர்கள் பச்சாட் என்பார்கள். வைத்தியத்துக்கு எடுப்பது நீரில் வாழும் பெரிய அட்டை, லிந்தா. இரண்டும் வேறு வேறு உயிர்.

பாரிட்டில் கிடைப்பதும் சரியான இனமாகவே இருக்கலாம். ஆனால் அது கடைசியாக எந்த மாட்டின், எந்த மனிதரின் இரத்தத்தைக் குடித்தது என்று யாருக்குத் தெரியும்? வயலில் அடிக்கும் களைக்கொல்லியும் பூச்சி மருந்தும் அதன் உடம்பில் இருக்கும். பழங்கால ஆயுர்வேத அறுவை மருத்துவர் சுசுருதரே இதைச் சொல்லியிருக்கிறார். அட்டை 12 வகை, அதில் 6 விஷமுள்ளவை, 6 விஷமில்லாதவை என்று பிரித்து, அழுகிய கலங்கல் நீரில் பிறந்தவற்றை ஒதுக்கச் சொன்னார். தாமரையும் அல்லியும் பூக்கும் தெளிந்த நீரில் இருப்பவற்றைத்தான் எடுக்கச் சொன்னார். பண்ணையில் பிறந்து, என்ன சாப்பிட்டது என்று தெரிந்து, மாதக் கணக்கில் பட்டினி போட்ட அட்டையைத்தான் நாங்கள் கிளினிக்குக்குக் கொடுக்கிறோம். பசியோடு இருந்தால்தான் கடிக்கும். பழைய இரத்தமும் வயிற்றில் தங்கியிருக்காது.

இன்னொன்று. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் குளம் குளமாக அள்ளினார்கள். 1833இல் பிரான்ஸ் மட்டும் 4 கோடிக்கு மேல் இறக்குமதி செய்தது. கடைசியில் அங்கே பல ஊர்களில் அட்டையே இல்லாமல் போய், இன்று அந்த இனத்தின் உலக வணிகத்தையே கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார்கள். நம் பாரிட்டுகளுக்கும் அந்த நிலை வர வேண்டாம்.

#9 மருந்தறை

நிலவரம் சொல்கிறேன். தளர்ந்து கிடந்தவற்றில் சில பிழைக்கவில்லை. மற்றவை தண்ணீருக்குள் இறங்கிவிட்டன. நேற்று ஜாடி பக்கத்தில் கையைக் கொண்டுபோனதும் ஒன்று நாடா மாதிரி நெளிந்து நீந்தி வந்து கண்ணாடியில் வாயை வைத்துத் தேடியது. பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தத் தொகுதியை யாருக்கும் விடப்போவதில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பூச்சி மருந்து பட்டவற்றை நோயாளியின் தோலில் வைக்கக் கூடாது என்பது அவர் முடிவு. அவை இருக்கும்வரை இங்கேயே இருக்கட்டும்.

அடுத்த சந்தேகம். விட்டு முடிந்த அட்டையை என்ன செய்வது? வைத்தியரின் ஆசான் காலத்தில் மஞ்சள் தூவி, குடித்த இரத்தத்தைக் கக்க வைத்து, கழுவி, அதே நோயாளிக்கு மறுபடி விடுவார்களாம். இப்போது எங்கள் வைத்தியர் யோசிக்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

#10 நாட்டு மருத்துவம் (பாகான் செராய்)

கக்க வைத்து மறுபடி விடுவது ஆதாரமில்லாத பழக்கம் அல்ல. உடம்பில் தவிட்டைத் தூவி, வாயில் எண்ணெயும் உப்பும் தடவி, வாலிலிருந்து வாய் நோக்கி மெதுவாக நீவிக் கக்க வைக்கும் முறை சுசுருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. சரியாகக் கக்காத அட்டைக்கு இந்திரமதம் என்ற தீராத நோய் வரும் என்றும் இருக்கிறது. ஒருமுறை விட்டதை ஏழு நாளுக்கு மறுபடி விடக்கூடாது என்றும் நூல்கள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரையும் ஏழு நாளுக்கு ஒருமுறை பானையையும் மாற்றச் சொன்னதும் அதே நூல்தான். அவ்வளவு கவனமாக எழுதியவர்களைப் பழசு என்று தள்ளிவிட முடியாது.

என் அனுபவத்தில், ஆளுக்கு ஒரு பானை வைத்துப் பெயர் ஒட்டி, அதே ஆளுக்கு மட்டும் விட்டால் ஒரு தொல்லையும் வந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் கொல்வது எனக்கு மனம் ஒப்பவில்லை. நமக்கு உதவிய உயிர் அது.

#11 மிஸ்ஸி (ஈப்போ)

அரசாங்க ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை வார்டில் தாதியாக இருந்தவள். ஐயாவின் மனசு புரிகிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.

அட்டை குடித்த இரத்தம் அதன் வயிற்றில் மாதக் கணக்கில் செரிக்காமல் இருக்கும். அதனால்தான் ஒருமுறை வயிறு நிறைந்தால் ஆறு மாதம், அதற்கு மேலும்கூடத் தாங்குகிறது. எவ்வளவு நீவினாலும் முழுசாக வெளியே வராது. உள்ளே மிச்சமிருக்கும். அந்த மிச்சத்தில் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி எது இருந்தாலும் மஞ்சளால் போகாது. அதே ஆளுக்குத்தானே என்பீர்கள். வேலை அதிகமான ஒரு நாளில், ஒரு லேபிள் நனைந்து கழன்று விழ எவ்வளவு நேரமாகும்? வலைத்துணியை விலக்கிப் பக்கத்துப் பானைக்குப் போகும் உயிர் இது. ஒரு பெயர் மாறினால் திருப்பி எடுக்க முடியாத தவறு.

கக்க வைக்கும் நேரத்திலேயே இன்னோர் ஆபத்து. அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற கிருமி இயல்பாகவே வாழ்கிறது. இரத்தத்தைச் செரிக்க அட்டைக்கு அது தேவை. புண்ணில் இறங்கினால் நமக்குச் சீழ் பிடிக்கும், பென்சிலின் வகை மருந்துக்கும் அது கட்டுப்படாது. அதனால்தான் துண்டித்து ஒட்டிய விரலுக்கு அட்டை விடும் மருத்துவமனைகளில் முன்கூட்டியே அதற்கேற்ற ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்கள். கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் உப்பு, புகையிலை, நெருப்பு எதையும் வைக்கக் கூடாது என்பதும் இதற்காகத்தான். மிரண்டு புண்ணுக்குள்ளேயே கக்கிவிடும். வயிறு நிறைந்தால் 20 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தானே விழும். அவசரமாக எடுக்க வேண்டுமென்றால் நகத்தையோ தட்டையான அட்டைத் தாளையோ வாய் ஓரத்தில் மெதுவாகச் செருகினால் பிடி விடும்.

ஓர் அட்டை, ஓர் ஆள், ஒரே தடவை. உங்கள் வைத்தியரிடம் நான் கெஞ்சிக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

#12 பழைய டிரஸர்

மிஸ்ஸி சொன்னதை வழிமொழிகிறேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசியைக் கொதிக்க வைத்து மறுபடி போட்ட காலத்தைப் பார்த்தவன் நான். அன்றைக்கு வேறு வழியில்லை. வழி இருக்கும்போது யாரும் அதைச் செய்வதில்லை.

#13 நாட்டு மருத்துவம்

லேபிள் பற்றி மிஸ்ஸி சொன்னது என்னை யோசிக்க வைத்தது. என்னிடம் வருவது தெரிந்த சிலர்தான், ஆனால் சுங்கை சிப்புட் கிளினிக்கில் கூட்டம் வரும். அங்கே ஒரே தடவை என்பதை ஏற்கிறேன். கொல்லாமல் ஆற்றில் விட்டுவிடலாமே? அதற்கும் தடையா?

#14 மிஸ்ஸி

ஆற்றில் விடக் கூடாது ஐயா. நோயாளியின் இரத்தம் குடித்த உயிரை ஊர் தண்ணீரில் விடுவதும், பயன்படுத்திய ஊசியை ஆற்றங்கரையில் போடுவதும் ஒன்றுதான். பிள்ளைகள் குளிக்கும் இடம் அது.

துன்பப்படாமல் முடிக்க வழி இருக்கிறது. முதலில் தண்ணீரில் கொஞ்சமாக ஆல்கஹால் கலந்து அதில் விட்டால் மயங்கி அசைவு நின்றுவிடும். அப்புறம் 70 விழுக்காடு ஆல்கஹாலுக்கு மாற்ற வேண்டும். எடுத்த உடனே 70இல் போட்டால் துடிக்கும், அது வேண்டாம். அதன்பிறகு மஞ்சள் பையில், மருத்துவக் கழிவோடு. நம் நாட்டுச் சட்டத்தில் மருத்துவக் கழிவு பட்டியலிட்ட கழிவு, குறியீடு எஸ்.டபிள்யூ. 404. உரிமம் பெற்றவர்கள்தான் எடுத்துப் போக வேண்டும். கிளினிக்கின் ஊசி, பஞ்சை எடுக்க வருபவர்களிடமே இதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். நகராட்சிக் குப்பைத் தொட்டி கூடாது.

#15 பண்ணை_கெடா

ஐயா, உங்கள் மனசுக்கு ஒரு தகவல். ஜெர்மனியில் ஒரு பண்ணை, வேலை முடிந்த அட்டைகளைத் திரும்ப வாங்கித் தனிக் குளத்தில் ஆயுள் முடியும்வரை வைத்திருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஓர் இடம் எனக்குத் தெரிந்து இல்லை. பூட்டிய, தண்ணீர் வெளியே போகாத குளமாக இருந்தால்தான் அது சரி. யாராவது ஆரம்பித்தால் முதல் தொட்டியை நான் கட்டித் தருகிறேன்.

#16 முழங்கால் வலி (பாரிட் புந்தார்)

எனக்கு வைத்தியம் பற்றித் தெரியாது, வலி பற்றித்தான் தெரியும். முழங்காலுக்கு அட்டை விட ஒரு கிளினிக்குக்குப் போனேன். அட்டை கடிக்கவே இல்லை. ஒன்று போய் இன்னொன்று வைத்தார்கள், அதுவும் தலையைத் திருப்பிக்கொண்டது. என் இரத்தத்தில் ஏதாவது கோளாறா? இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) எதுவும் இல்லை. என் அண்ணனுக்குத்தான் இனிப்பு நீர், பாதத்தில் ஆறாத புண். அவருக்கும் விடலாமா?

#17 மருந்தறை

அம்மா, வீட்டில் முழங்காலுக்குக் கோடாரித் தைலம் தேய்த்தீர்களா? எங்களிடம் வருபவர்களில் பாதிப்பேர் தேய்த்துவிட்டுத்தான் வருவார்கள். முந்தின நாள் தேய்த்திருந்தாலும் அட்டைக்குத் தெரிந்துவிடும். வாசனைச் சோப்பு, பவுடர், நல்லெண்ணெய் எல்லாமே அப்படித்தான். நாங்கள் முதல் நாளிலிருந்தே எதுவும் தேய்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறோம். வந்ததும் வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் திரும்பத் திரும்பத் துடைக்கிறோம். தோல் கொஞ்சம் சூடாக இருந்தால் அட்டைக்குப் பிடிக்கும்.

நடுவில் ஓட்டை போட்ட காஸ் துணியை விரித்து, அந்த ஓட்டைக்கு நேராக அட்டையின் மெலிந்த முனையை வைப்போம். மெலிந்ததுதான் தலை, அகலமான உறிஞ்சி இருப்பது வால். முதலில் சும்மா தடவித் தேடும். பிடிக்காவிட்டால் ஊசி முனையால் ஒரு துளி இரத்தம் எடுத்து வைத்தால் உடனே பற்றும். கடித்துவிட்டதா என்று கழுத்தைப் பார்த்தால் தெரியும். குதிரைக் குளம்பு மாதிரி வளைந்து தோளைத் தூக்கி நிற்கும், அப்புறம் கழுத்தில் அலை அலையாக ஓட்டம் வரும். சுர்ரென்று ஒரு கடி, அதன்பின் அவ்வளவாக வலி இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஈரத்துணியால் உடம்பை மூடி, மேலே அவ்வப்போது நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பேன். அறையில் ஏர்கான் காற்று நேராக அடிக்கக் கூடாது, அட்டை காய்ந்து போகும்.

விழுந்தபின் பார்த்தால் மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் சேர்ந்த காயம் இருக்கும். அதற்கு மூன்று தாடை.

அண்ணன் விஷயம் மிஸ்ஸி சொல்வார்.

#18 மிஸ்ஸி

அம்மா, அண்ணனுக்கு வேண்டாம். தயவு செய்து வேண்டாம். இனிப்பு நீர்க்காரரின் பாதப் புண்ணில் இரத்த ஓட்டமே குறைந்திருக்கும், உணர்ச்சியும் மங்கியிருக்கும். அங்கே புதுக் காயம் ஏற்படுத்தி ஏரோமோனாஸ் கிருமியும் இறங்கினால் விரலோ காலோ போகும். பக்கத்து அரசாங்க கிளினிக்குக்கு இந்த வாரமே அழைத்துப் போங்கள். ஒரு ரிங்கிட்தான் கட்டணம். புண் கட்டுவதற்கும், தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கும் அவர்களுக்கு வழி தெரியும்.

வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், இரத்தம் உறையாத பரம்பரை நோய் உள்ளவர்கள், இரத்தச்சோகை அதிகம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், இவர்களுக்கும் அட்டை விடக்கூடாது. கிளினிக்கில் இதைக் கேட்காமல் யாராவது விட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அட்டை குடிப்பது 5 முதல் 15 மில்லிதான். அது விழுந்த பிறகு கசிவதுதான் அதிகம். பத்து மணி நேரம், சிலருக்கு ஒரு நாள்கூடக் கசியும். அதனால் சிகிச்சைக்குத் தனியாக மோட்டார் சைக்கிளில் வராதீர்கள், யாரையாவது துணைக்கு அழைத்து வாருங்கள்.

#19 செம்பனை லோரி

இதெல்லாம் படித்ததும் ஒரு நேர்மையான கேள்வி. உண்மையிலேயே குணமாகிறதா, இல்லை நம்பிக்கைதானா?

#20 பழைய டிரஸர்

கேட்க வேண்டிய கேள்வி, தம்பி. எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

இரத்தம் உறையாமல் செய்யும் பொருள் அட்டையிடம் இருக்கிறது என்பதை 1884இல் ஜான் ஹேக்ராஃப்ட் என்பவர் கண்டார். பிறகு அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. இன்று இதய இரத்தக் குழாயில் பலூன் விடும்போது கொடுக்கும் பிவாலிருடின் என்ற மருந்து அதைப் பார்த்து உருவாக்கியதுதான். 1985இல் பாஸ்டனில் நாய் கடித்துத் துண்டித்த ஒரு சிறுவனின் காதை ஒட்டிய பிறகு, தேங்கிய இரத்தத்தை வடிய வைக்க ஜோசப் அப்டன் என்ற அறுவை மருத்துவர் அட்டை விட்டார், காது பிழைத்தது. ஒட்டிய உறுப்பில் சிரை இரத்தம் தேங்கும்போது அட்டை உதவுகிறது. அதில் சந்தேகமில்லை. 2004இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி கொடுத்தது.

முழங்கால் தேய்மானத்துக்கு 2003இல் ஜெர்மனியில் 51 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அட்டை விட்டவர்களுக்கு ஒரு வாரத்தில், டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணக் களிம்பு பூசியவர்களை விட வலி குறைந்திருந்தது. ஆனால் யாருக்கு அட்டை விட்டார்கள் என்பது நோயாளிக்குத் தெரியும், அதை மறைக்க முடியாது. அதனால் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். முழங்காலுக்குப் பலன் இருக்கலாம் என்பேன். சர்க்கரை, புற்றுநோய், மாரடைப்பு எல்லாவற்றுக்கும் அட்டை என்று போஸ்டர் ஒட்டுபவர்களை நம்பாதீர்கள்.

#21 மருந்தறை

எல்லோருக்கும் நன்றி. வைத்தியரிடம் இந்த இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். மிஸ்ஸி எழுதிய இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கச் சொன்னார். இனி ஒரே தடவைதான். மஞ்சள் பைக்காரர்களிடம் பேசியாகிவிட்டது. வருபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழிலும் மலாயிலும் ஒரு தாளில் அடித்து, கையெழுத்து வாங்கிய பிறகே அறைக்குள் விடுவதாக ஏற்பாடு. 2016 பாரம்பரிய, இணை மருத்துவச் சட்டத்தின்படி பதிவு பெற்ற வைத்தியர் நடத்தும் கிளினிக்கில் இவ்வளவு எழுத்து வேலை இருப்பதுதான் முறை என்று அவரே சொன்னார்.

கொசு விஷயத்தையும் யோசித்தேன். ஜாடிகளே கொசுப்புழு வளரும் இடமாகிவிட்டால் 1975 நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்படி அபராதம் போடுவார்கள். இப்போது வலைத்துணியை இரண்டு மடிப்பாகக் கட்டுகிறேன். மறுபடி மருந்து போட வந்தால் காட்டுவதற்காக அறைக் கதவில் பெரிய எழுத்தில் மலாயில் எழுதி ஒட்டிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. கெடா தம்பி, புதுத் தொகுதி வாங்க வேண்டும். சுங்கை சிப்புட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது? வந்ததும் நேராக மற்றவற்றோடு சேர்க்கலாமா? குளிர்பெட்டியில் வைக்கச் சொல்கிறார்களே, அது?

#22 பண்ணை_கெடா

குளிர்பெட்டி ஐரோப்பிய அட்டைக்குச் சொன்னது அக்கா. நம்முடையது வெப்பநாட்டு உயிர், அறைச் சூடே போதும். மத்தியானம் அறை ரொம்பச் சூடானால் ஜாடியை ஈரத் துணியால் சுற்றி வையுங்கள்.

தண்ணீரோடு அனுப்ப மாட்டேன், குலுங்கிச் சாகும். ஈரமான ஸ்பாஞ்சோடு காற்றோட்டமான துணிப்பையில் கட்டி, தெர்மோகோல் பெட்டியில் வைத்து, விடியற்காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். வெயில் ஏறுவதற்கு முன்னால் பஸ் நிலையத்தில் வாங்கிவிடுங்கள். வாங்கியபின் காரில் வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போக வேண்டாம்.

மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். தனி ஜாடி, தனி வலை, தனி கையுறை, அதுவும் பவுடர் இல்லாத கையுறை. மூன்று நாலு வாரம் தனியாக வைத்து, எது செத்தது, எப்போது தண்ணீர் மாற்றினீர்கள், அறையில் என்ன சூடு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தக் காலத்தில் சாவே இல்லாவிட்டால்தான் வைத்தியரிடம் கொடுங்கள். அதுவரை ஒன்றும் ஊட்ட வேண்டாம், பசியிலேயே இருக்கட்டும்.

இந்த மாதம் ஏற்கனவே மருந்து பட்டவை உங்கள் அறையில் இருப்பதால், புதியவற்றுக்கு வேறு அலமாரி பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். சொன்ன அடுத்த நாள் அனுப்புகிறேன்.

#23 மருந்தறை

அலமாரி தயார், தம்பி. புதன்கிழமை அனுப்புங்கள். முதல் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பதை மட்டும் செய்தியில் போடுங்கள்.